அந்தப் பாலத்தின் நடுவில் எல்லை இல்லை: ஆற்றுத் தீவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது எப்படி முடிவாகிறது?

ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இரண்டு குட்டிப் பாறைத் தீவுகள், இரண்டிலும் மரங்கள், பெரியதில் ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவே பத்து மீட்டர் அளவில் ஒரு நடைபாலம், அதன் ஒரு பக்கம் கனடாக் கொடி, மறுபக்கம் அமெரிக்கக் கொடி. உலகிலேயே சிறிய சர்வதேசப் பாலம் இதுதான், வீட்டுக்காரர் கனடாவில் தூங்கி எழுந்து அமெரிக்காவில் போய்க் காபி குடிக்கிறார் என்கிற மாதிரி கீழே ஏதாவது எழுதியிருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. அந்தத் தீவுகளின் பெயர் சவிகான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ராக்போர்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் இருக்கின்றன. பெரிய தீவும் கனடா, சின்னத் தீவும் கனடா. எல்லைக்கோடு இரண்டையும் தொடாமல் அவற்றுக்குத் தெற்கே தண்ணீருக்குள் போகிறது. சுற்றுலாப் படகுகளில் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே இந்தக் கதை ஊன்றிவிட்டது.

ஒரு படகுக் கதைக்காக நான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியதில்லைதான். ஆனால் அந்தக் கதையை நாம் உடனே நம்பிவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆறு எல்லை என்றால் ஆற்றின் நடுவில் இருக்கும் தீவும் எல்லை, ஆளுக்குப் பாதி, இல்லையென்றால் எந்தக் கரைக்குப் பக்கமோ அந்த நாட்டுக்கு என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்குதான் தப்பு.

## முதலில் ஒரு வாய்க்கால் தகராறு

நாடு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு வயலுக்குப் போவோம். இரண்டு பேருடைய நிலம், நடுவில் ஒரு வாய்க்கால். தாத்தா காலத்துக் கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது 'வாய்க்காலுக்குக் கிழக்கு' என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். எழுதியவருக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும் அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் வாய்க்கால் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

ஐம்பது வருடம் கழித்து வாய்க்காலின் நடுவில் ஒரு திட்டு, திட்டில் ஒரு தென்னை. அது கன்றாக இருக்கும்வரை யாரும் கவலைப்படமாட்டார்கள். காய்க்க ஆரம்பித்த அன்று பத்திரத்தை எடுப்பார்கள்.

அப்போதுதான் தெரியும், அந்த ஒற்றை வரிக்குள் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று. வாய்க்கால் என்றால் அதன் எந்தக் கரை? நடு என்றால், தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடும் மாதத்தில் நடுவா, வற்றிக் கிடக்கும் சித்திரையில் நடுவா? திட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடுகிறதே, இதில் எது வாய்க்கால், எது அதன் கிளை? பத்திரம் எழுதியபிறகு வாய்க்காலே நகர்ந்திருந்தால்?

நாடுகளுக்கு இடையில் ஆறு எல்லையாக இருக்கும்போது வரும் சண்டைகள் எல்லாமே அநேகமாக இந்த நான்கு கேள்விகள்தான். அங்கே கிரையப் பத்திரத்துக்குப் பெயர் ஒப்பந்தம். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வயல் தகராறு என்றால் தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டு சர்வேயரை வரவழைக்கலாம், அவர் சங்கிலியும் புலப்படமும் எடுத்துக்கொண்டு வந்து கல் நட்டுவிட்டுப் போவார். நாடுகளுக்கு மேலே தாலுகா அலுவலகம் கிடையாது. இருவரும் உட்கார்ந்து பேசவேண்டும், அல்லது இருவரும் ஒப்புக்கொண்டு ஒரு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

## நடுக்கோடு, தால்வெக்

ஆற்றில் எல்லை வரைவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள்.

ஒன்று நடுக்கோடு. இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் ஓடும் கோடு, அவ்வளவுதான். காகிதத்தில் வரைய எளிது, பார்க்கவும் நியாயமாக இருக்கும். ஆனால் ஆற்றின் ஆழம் நடுவில்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆழமான பகுதி ஒரு கரையை ஒட்டியே ஓடினால், கப்பல் போகிற தண்ணீர் முழுவதும் ஒரு நாட்டுக்கும், முழங்கால் அளவுத் தண்ணீர் மற்ற நாட்டுக்கும் போய்ச் சேரும். பாதி ஆறு கிடைத்தும் படகு விட முடியாது என்றால் அது என்ன பங்கு?

அதற்காக வந்ததுதான் இரண்டாவது வழி. தால்வெக் என்று பெயர். ஜெர்மன் சொல், 'பள்ளத்தாக்கு', 'பாதை' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஆற்றுப் படுகையின் மிக ஆழமான இடங்களை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனால் கிடைக்கும் கோடு அது. கோடையில் ஆறு வற்றிக்கொண்டே வந்து, கடைசியில் மணலுக்கு நடுவே ஒரு மெல்லிய நீரோட்டம் மட்டும் பாம்பு மாதிரி நெளிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதுதான் தால்வெக். அது ஆற்றின் நடுவில் ஓடாது, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மாறி மாறி ஒதுங்கும்.

கப்பல், படகு போகும் ஆறு என்றால் தால்வெக், போகாத ஆறு என்றால் நடுக்கோடு. பொதுவான வழக்கம் இது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு எதாவது எழுதியிருந்தால் அதுதான் செல்லும், வழக்கம் இரண்டாம்பட்சம். ஒரு கரையிலேயே எல்லை வைத்து ஆறு முழுவதையும் ஒரு நாட்டுக்கே கொடுத்த ஒப்பந்தங்களும் உண்டு.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லை என்பது ஆறு இல்லை, ஆற்றுக்குள் எங்கோ ஓடும் ஒரு கோடு, அந்தக் கோடு எங்கே என்பதைச் சொல்வது ஒப்பந்தத்தின் வாசகம்.

## தீவு குறுக்கே வந்தால்

ஆற்றுக்கு நடுவில் இருக்கும் நிலத்துக்குத் தமிழில் ஆற்றிடைக்குறை என்று அருமையான ஒரு சொல் இருக்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த ஆற்றிடைக்குறை ஸ்ரீரங்கம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓட, நடுவில் ஊர்.

ஒரு விளையாட்டுக்காக, வடகரையில் ஒரு நாடு, திருச்சி இருக்கும் தென்கரையில் இன்னொரு நாடு என்று வைத்துக்கொள்வோம். 'ஆற்றின் முதன்மைப் போக்கே எல்லை' என்று ஒப்பந்தம். முதன்மைப் போக்கு என்றால், ஆறு கிளை பிரியும் இடத்தில் எது ஆறாகவும் எது கிளையாகவும் கருதப்படுகிறதோ, அதில் ஆறாகக் கருதப்படும் பக்கம். சரி, இப்போது சொல்லுங்கள், முதன்மைப் போக்கு எது? காவிரி என்ற பெயரைத் தாங்கிப் போவது தெற்குக் கிளை, ஆகவே அதுதான் ஆறு என்பார் ஒருவர். அகலம் கொள்ளிடத்துக்குத்தான், வெள்ளம் வந்தால் வடிவதும் அதில்தான், ஆகவே அதுதான் ஆறு என்பார் இன்னொருவர்.

முதலாமவர் சொல்வது சரி என்றால் எல்லைக்கோடு ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே ஓடும், ஊர் முழுவதும் வடகரை நாட்டுக்குப் போய்விடும். இரண்டாமவர் சொல்வது சரி என்றால் கோடு வடக்கே ஓடும், ஊர் திருச்சிக்காரர்களுடையது. இரண்டு நிலையிலும் ஊர் பாதியாகப் பிரியவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் ஊரை அளக்கவில்லை, எந்தக் கரைக்குப் பக்கம் என்று பார்க்கவில்லை, உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார்கள், நிலம் அந்தப் பதிலோடு தானாகவே போய்ச் சேர்ந்தது.

## இது விளையாட்டு இல்லை, நடந்தது

ஆப்பிரிக்காவில் சோபே என்ற ஆறு. வடக்கே நமீபியா, தெற்கே போட்ஸ்வானா. நடுவில் சுமார் 3.5 சதுர கிலோமீட்டரில் ஒரு தீவு. நமீபியாவில் அதன் பெயர் கசிகிலி, போட்ஸ்வானாவில் செடுடு. ஆண்டில் சில மாதங்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் புல்தரை அது.

இரண்டு நாடுகளும் பிறப்பதற்கு முன்னால், 1890 ஜூலை 1 அன்று, பிரிட்டனும் ஜெர்மனியும் ஆப்பிரிக்காவில் தங்கள் பங்குகளைப் பிரித்துக்கொண்டு ஓர் ஒப்பந்தம் போட்டன. சோபே ஆற்றில் எல்லை எங்கே என்பதற்கு ஆங்கிலப் பிரதியில் 'முதன்மைக் கால்வாயின் நடு' என்று இருந்தது. ஜெர்மன் பிரதியில் 'முதன்மைப் போக்கின் தால்வெக்' என்று இருந்தது. ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஆற்றில் இப்படி ஒரு தீவு இருப்பது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. அந்த ஒரு வரிக்காக நூறு வருடத்துக்கு அப்புறம், 1996இல், இரண்டு சுதந்திர நாடுகள் சேர்ந்து ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயின.

நீதிபதிகள் செய்த வேலையைப் பார்த்தால் சர்வேயர் வேலை மாதிரியே இருக்கும். ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எந்தப் பக்கம் நீரோட்டம் அதிகம், வானிலிருந்து எடுத்த படங்களில் எது தெளிவாகத் தெரிகிறது, எதில் படகு போகலாம். ஆண்டு முழுவதும் ஓடும் நீரில் பெரும்பகுதி தெற்குப் பக்கம்தான் போகிறது என்றது நமீபியா. வெள்ளக் காலத்தில் தீவே முழுகி அந்த வட்டாரமே ஒரு ஏரி மாதிரி ஆகிவிடும்போது எதை வைத்துக் கால்வாய் பிரிப்பது, குறைந்த நீர் ஓடும் காலத்தில் பார்ப்பதுதான் முறை என்றது நீதிமன்றம். நமீபியாவின் காப்ரிவி பகுதி மக்கள் தலைமுறைகளாக அந்தத் தீவைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. 1999 டிசம்பர் 13 அன்று தீர்ப்பு: வடக்குப் போக்குதான் முதன்மைப் போக்கு. ஆகவே எல்லை வடக்கே, ஆகவே தீவு போட்ஸ்வானாவுக்கு. 11 நீதிபதிகள் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. கூடவே, தீவைச் சுற்றியுள்ள இரண்டு போக்குகளிலும் இரு நாட்டுப் படகுகளையும் சமமாக நடத்தவேண்டும் என்றும் ஒரு வரி.

மக்கள் பயன்படுத்தியது எடுபடாதது எனக்கு இன்னும் கொஞ்சம் நெருடலாகத்தான் இருக்கிறது. பயன்படுத்துவது வேறு, ஓர் அரசாக ஆள்வது வேறு என்பது சட்டத்தின் பார்வை. புரிகிறது, ஆனாலும்.

## ஆயிரம் தீவு, ஒரே ஒரு வரி

சோபேயில் ஒரு தீவுக்கே இந்தப் பாடு. செயின்ட் லாரன்ஸில் ஒன்டாரியோ ஏரியை விட்டு ஆறு வெளியே வரும் இடத்தில், சுமார் 80 கிலோமீட்டர் தூரத்துக்கு, 1,864 தீவுகள். 'ஆயிரம் தீவுகள்' என்று சொல்வது அடக்கமாகத்தான். தீவு என்று கணக்கில் சேர, ஆண்டு முழுவதும் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும், மரமும் இருக்கவேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம் சொல்வார்கள். ஒரே ஒரு வீடு கட்டியதும் இடமே தீர்ந்துபோன தீவுகூட இருக்கிறது.

இவையெல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட மணல் திட்டுகள் அல்ல. வடக்கே கனடாவின் பழம்பாறை நிலத்தையும் தெற்கே நியூயார்க் மாகாணத்தின் அடிரான்டாக் மலைகளையும் இணைக்கும் ஒரு பாறைத் தொடர் இந்த இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே போகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பாறை. பனியுகத்தில் பனிப்பாறைகள் அதைத் தேய்த்து மழுக்கின, பிறகு பனி உருகி ஆறு வழிந்து பள்ளங்களை நிரப்பியது. தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் பழைய குன்றுகளின் உச்சிகள்தான் இந்தத் தீவுகள். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

அமெரிக்கா சுதந்திரம் பெற்றபோது, 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில், இந்த இடத்துக்கு எழுதிய எல்லை 'அந்த ஆற்றின் நடு வழியாக ஒன்டாரியோ ஏரி வரை'. அவ்வளவுதான். நம் பத்திரத்தின் 'வாய்க்காலுக்குக் கிழக்கு' மாதிரியே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளுக்கு இடையில் எத்தனையோ சந்துகளாக ஓடும் ஆற்றுக்கு நடு எது?

1812இல் அமெரிக்காவுக்கும், அப்போது கனடாவை ஆண்ட பிரிட்டனுக்கும் மூண்ட போர் முடிந்து 1814இல் கெண்ட் நகரில் சமாதான ஒப்பந்தம் போட்டபோது, இதை முடிவு செய்ய இரண்டு தரப்பிலும் ஒவ்வொரு ஆணையரை நியமித்தார்கள். அமெரிக்கத் தரப்பில் பீட்டர் போர்ட்டர். பிரிட்டன் தரப்பில் முதலில் ஜான் ஓகில்வி, அவர் நடுவிலேயே இறந்துபோக, ஆன்டனி பார்க்லே. மேற்குக் கனடாவின் வரைபடங்களால் பெயர்பெற்ற டேவிட் தாம்சன் பிரிட்டன் தரப்பில் அளவைப் பணி செய்தார். தீவு தீவாகப் படகில் போய், கூடாரம் போட்டு, கோணம் பார்த்து, வரைந்து, ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை.

அவர்கள் எடுத்த ஒரு முடிவுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்த விஷயத்துக்கே மையம். கோடு தண்ணீரிலேயே போகவேண்டும், எந்தத் தீவையும் வெட்டக்கூடாது. பொதுவாக ஆற்றின் நடுவை ஒட்டிப் போகட்டும். குறுக்கே தீவு வந்தால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுங்கிப் போகட்டும், தீவு முழுசாக ஒருவருக்குச் சேரட்டும், இரு நாட்டுக் கப்பல்களும் போக வழி இருக்கட்டும். 1822 ஜூனில் இருவரும் கையெழுத்துப் போட்ட முடிவின்படி வுல்ஃப் தீவு பிரிட்டனுக்கு, அதாவது இன்றைய கனடாவுக்கு, வெல்லஸ்லி, கிரைண்ட்ஸ்டோன், கார்ல்டன் தீவுகள் அமெரிக்காவுக்கு. இன்றைக்கும் அப்படியே.

ஆக, ஆயிரம் தீவுகளில் எந்தத் தீவின் மீதும் எல்லைக்கோடு ஏறுவதில்லை. 'எல்லை ஓடும் தீவு' என்று யாராவது அங்கே காட்டினால், விவரம் ஒன்றும் பார்க்காமலே சந்தேகப்படலாம்.

## தீவில் எல்லைக்கல் இருக்கிறதே?

நல்ல கேள்வி, குழப்பத்துக்குப் பாதிக் காரணமும் இதுதான். 1822இல் வரைந்தது வரைபடத்தில் வளைந்து வளைந்து போன கோடு. படகில் போகிறவனுக்கு அது எங்கே என்று எப்படித் தெரியும்? 1908இல் அமெரிக்காவும் பிரிட்டனும் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, அந்த வளைவுகளைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக மாற்ற ஏற்பாடு செய்தன. ஒரு நேர்கோடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குத் திருப்பப்புள்ளி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். திருப்பப்புள்ளிகள் எல்லாம் தண்ணீருக்குள் இருக்கின்றன, ஓடும் தண்ணீரில் கல் நட முடியாது. அதனால் கரைகளிலும் தீவுகளிலும் கற்களை நட்டு, இந்தக் கல்லிலிருந்து இந்தத் திசையில் இவ்வளவு தூரம் என்று கணக்கு எழுதி வைத்தார்கள். இப்படிப்பட்ட கல்லுக்குக் குறிப்புக்கல் என்று பெயர்.

வீட்டுக்கு வழி சொல்லும்போது 'பிள்ளையார் கோயிலிலிருந்து மூன்றாவது வீடு' என்கிறோமே, அதனால் பிள்ளையார் கோயில் நம் வீடாகிவிடாது. குறிப்புக்கல்லும் அப்படித்தான். அது நிற்கும் இடம் எல்லை அல்ல, எல்லையைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம். தீவின் பாறையில் அரசாங்க முத்திரையோடு ஒரு கல்லைப் பார்த்ததும் 'ஓகோ, இங்கேதான் கோடு' என்று நினைத்துக்கொள்வது இயல்புதான், ஆனால் தப்பு.

இந்த நேர்கோட்டு முறையால் இன்னொரு விளைவும் உண்டு. கோடு தண்ணீரைச் சார்ந்து இல்லை. 1958இல் இதே ஆற்றில், ஆயிரம் தீவுகளுக்குக் கீழ்நோக்கி, மின் உற்பத்திக்கும் கப்பல் வழிக்குமாக அணை கட்டி நீரைத் தேக்கினார்கள். கனடாப் பக்கம் ஊர்களும் பல தீவுகளும் முழுகின, ஆற்றின் வடிவமே மாறியது. எல்லைக்கோடு அசையவில்லை. அது புள்ளிகளாகவும் கோணங்களாகவும் புத்தகத்தில் இருந்தது, தண்ணீர் எங்கே போனால் அதற்கென்ன?

## பாறை நிற்கும், மண் நடக்கும்

எல்லா ஆற்றிலும் இவ்வளவு நிம்மதி கிடையாது. சவிகான் மாதிரிப் பாறைத் தீவு 1822இல் இருந்த இடத்திலேயே இன்றைக்கும் இருக்கிறது. வண்டல் ஆற்றில் தீவு பிறக்கும், வளரும், நகரும், செத்தும் போகும்.

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே ரியோ கிராண்டே ஆறு எல்லை என்று 1848இல் எழுதினார்கள். ஆற்றின் நடு, ஒன்றுக்கு மேற்பட்ட கால்வாய் இருந்தால் அதில் ஆழமானது என்று ரொம்ப விவரமாகவே எழுதினார்கள். ஆனால் எல் பாசோ நகரப் பகுதியில் ஆறு தெற்கே நகர்ந்துகொண்டே போனது, 1864 வெள்ளத்தில் இன்னும் மோசம். மெக்சிகோவில் இருந்த சமிசால் என்ற நிலம் ஆற்றுக்கு வடக்கே, அமெரிக்கப் பக்கம், வந்துவிட்டது.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். இது மெல்நகர்வு. ஒரே வெள்ளத்தில் பழைய படுகையை விட்டுவிட்டுப் புதுப் பாதையில் பாய்ந்தால் எல்லை பழைய, காய்ந்த படுகையிலேயே நின்றுவிடும். இது திடீர்ப் பெயர்வு. பக்கத்து வீட்டு வேலி வருடத்துக்கு ஒரு விரல் நகர்ந்தால் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒரே ராத்திரியில் பத்தடி நகர்ந்தால் சும்மா விடமாட்டோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்த நியாயம். சமிசாலில் நடந்தது மெல்நகர்வா திடீர்ப் பெயர்வா? 1911இல் நடுவர் மன்றம் ஒன்று நிலத்தைப் பிரித்துக் கொடுத்த தீர்ப்பை அமெரிக்கா ஏற்கவில்லை. 1963இல்தான் ஒப்பந்தம் வந்தது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு மாறினார்கள், ஆற்றையே கான்கிரீட் கால்வாய்க்குள் போட்டு அடைத்தார்கள். நகரும் எல்லையை நிறுத்த ஒரு வழி, ஆற்றையே நகரவிடாமல் செய்வது!

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1970இல் வங்கத்தைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பிறகு, இந்திய-வங்கதேச எல்லையில் ஓடும் ஹரியாபங்கா ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல் திட்டு தலைகாட்டியது. இந்தியா நியூ மூர் என்றது, வங்கதேசம் தெற்கு தல்பட்டி என்றது. ஆற்றின் முதன்மைப் போக்கு தீவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அதே பழைய சண்டை. 2010இல் பார்த்தால் தீவு முழுகிவிட்டிருந்தது. கடல் எல்லை பற்றிய நடுவர் தீர்ப்பு 2014இல் வந்தபோது, முப்பது வருடமாகச் சண்டை போட்ட அந்த நிலமே இல்லை.

## வெட்டினால் என்ன, பங்கு போட்டால் என்ன

தீவை வெட்டக்கூடாது என்று போர்ட்டரும் பார்க்லேயும் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்கள் என்று புரியவேண்டுமானால் மார்க்கெட் என்ற தீவைப் பார்க்கலாம். (கடைத்தெருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயரே அப்படி.) இது ஆற்றில் இல்லை, சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் 3 ஹெக்டேர் சொச்சம் பாறை. 1809இல் கோடு தீவின் நடுவே போனது. 1885இல் பின்லாந்துப் பக்கத்துக்காரர்கள், அப்போது அது ரஷ்யாவின் ஆட்சியில், ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். கட்டிய இடம் சுவீடனின் பாதி. நூறு வருடம் அப்படியே கிடந்து, 1985இல் நிலத்தைச் சமமாக மாற்றிக்கொண்டு எல்லையைத் திருத்தினார்கள். மீன்பிடி உரிமை பாதிக்கக்கூடாது என்பதற்காகக் கரையில் கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தொடாமல், நடுவில் மட்டும் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி வளைத்தார்கள். இன்றைக்கு அந்தச் சின்னப் பாறையின் மீது எல்லை நெளிந்து நெளிந்து போகிறது.

வெட்டாமல், ஒருவருக்கே கொடுக்காமல், மூன்றாவது வழியும் இருக்கிறது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே ஓடும் பிடாசோவா ஆற்றில் ஃபெசன்ட் தீவு. சுமார் 200 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், யாரும் குடியில்லை, பெயரில் இருக்கும் ஃபெசன்ட் பறவையும் இல்லை. 1659இல் இரு நாட்டுப் போரை முடித்த பைரனீஸ் ஒப்பந்தம் இங்கேதான் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு பிரான்சின் பதினான்காம் லூயியும் ஸ்பெயின் அரசரும் இங்கே சந்தித்தார்கள், ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசா லூயிக்கு மணமகளாகப் போனாள். சந்திப்பு மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஓவியர் வெலாஸ்கெஸ். அந்த வேலை முடிந்து சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

இந்தத் தீவு இரண்டு நாடுகளுக்கும் சேர்த்துச் சொந்தம். இப்படி ஒரே நிலத்தின் மீது இரண்டு அரசுகளுக்கும் உரிமை இருப்பதற்குக் கூட்டு இறையாண்மை என்று பெயர். நடைமுறை எளிது. பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை ஸ்பெயின் பார்த்துக்கொள்ளும், ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை பிரான்ஸ். அண்ணன் தம்பி சேர்ந்து அனுபவிக்கும் கோயில் முறை மாதிரி, ஆறு மாதம் இவர், ஆறு மாதம் அவர்.

மூன்று தீர்வுகளும் இப்போது கையில் இருக்கின்றன. தீவை முழுசாக ஒருவருக்குக் கொடுக்கலாம், அதுதான் பெரும்பாலும் நடப்பது. வெட்டலாம், அபூர்வம். சேர்ந்து வைத்துக்கொள்ளலாம், அதைவிட அபூர்வம்.

## மறுபடி அந்தப் பாலம்

சவிகானுக்கு வருவோம். கனடாவின் இரண்டு பாறைகளை இணைக்கும் ஒரு வீட்டு நடைபாலம் அது. கொடிகள் வீட்டுக்காரர் விருப்பம், யாரும் தன் வீட்டுப் பாலத்தில் எந்தக் கொடியையும் கட்டலாம். உலகிலேயே சிறிய சர்வதேசப் பாலம் வேண்டும் என்றால் ஸ்பெயினில் எல் மார்கோ என்ற ஊரையும் போர்ச்சுகலில் வார்சியா கிராண்டே என்ற ஊரையும் ஓர் ஓடையின் குறுக்கே இணைக்கும் நடைபாலத்தைப் பார்க்கலாம், அது சில மீட்டர்தான், அங்கே எல்லை உண்மையிலேயே காலடியில் போகிறது.

ஆயிரம் தீவுகளிலேயே பார்க்கவேண்டும் என்றாலும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வெல்லஸ்லி தீவுக்கும் கனடாவின் ஹில் தீவுக்கும் நடுவே ஒரு குறுகலான நீர்ச்சந்து. 1938இல் திறந்த ஆயிரம் தீவுகள் பாலத் தொடரில் அந்த நீரைத் தாண்டும் துண்டு முப்பது மீட்டர்கூட வராது. லாரிகளும் கார்களும் வரிசையில் நின்று எல்லை தாண்டுவது அங்கேதான். அதை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை, பார்க்க ஒரு சாதாரண ரோடு மாதிரி இருக்கும்.

படகில் போனால் தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது. ராக்போர்ட்டில் ஏறி, சவிகானைச் சுற்றி, எல்லையைத் தாண்டி, திரும்பி வரும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அமெரிக்கப் பக்கம் ஹார்ட் தீவில் இருக்கும் போல்ட் மாளிகையைப் பார்க்க இறங்கவேண்டும் என்றால் துறையிலேயே அமெரிக்கச் சுங்கக்காரர்கள் இருப்பார்கள். பாஸ்போர்ட் மாதிரி உரிய ஆவணம் இல்லாமல் கனடாவிலிருந்து போகிறவர்கள் அங்கே இறங்க முடியாது.